வண்டியோடு ஒரு குறிப்பேடு

சென்ற திங்களில் ஒரு ஞாயிறன்று, காலைப் பூசை முடிந்து மக்கள் கலைந்த பின்னர், நம் பங்கைச் சேர்ந்த அன்பர் ஒருவர் தம் மைத்துனரையும் அழைத்துக்கொண்டு நம்மைக் காண வந்தார். இருவர் முகத்திலும் வழக்காடியதன் சாயல் இருந்தது. குடும்பத் தகராறோ எனச் சற்றே கலங்கினோம். விசாரித்த பின்புதான், வழக்கு அவர்களுடைய காரைப் பற்றியது என்று தெரிந்தது.

அன்பர் நூற்பாலை ஒன்றில் பிட்டராக முப்பதாண்டு உழைத்து ஓய்வு பெற்றவர். நான்காண்டுகளுக்கு முன் சிறிய பெட்ரோல் கார் ஒன்றைப் புதிதாக வாங்கினார். உத்தரவாதக் காலம் முடியும் வரை கம்பெனியின் பணிமனையிலேயே சர்வீஸ் செய்து வந்தார். இவ்வாண்டு வந்த பில்லைக் கண்டு திகைத்துப் போனார். ஆயிலும் வடிகட்டியும் மாற்றியது போக, அவர் கேளாத வேலைகள் சிலவும் அதில் இடம் பெற்றிருந்தன. "வாழ்நாள் முழுவதும் இயந்திரத்தோடு பழகிய கை இது. இனி நானே பார்த்துக்கொள்கிறேன்" என்பது அவர் கட்சி. "கம்பெனி முத்திரை விட்டுப் போனால், நாளைக்கு விற்கும்போது அடிமாட்டு விலைக்குக் கேட்பார்கள், மச்சான்" என்பது மைத்துனரின் கட்சி. "நீங்களே சொல்லுங்கள், சாமி. பழைய காரோடு நீங்கள் பட்ட பாடு ஊருக்கே தெரியும்" என்று இருவரும் தீர்ப்பை நம்மிடம் விட்டனர்.

இந்த வழக்கு இவ்விருவருக்கு மட்டும் உரியதன்று. வீட்டுக்கு அடுத்தபடியாக ஒரு நடுத்தரக் குடும்பம் பெருந்தொகை செலவிட்டு வாங்கும் பொருள் பெரும்பாலும் காராகவே இருக்கிறது. வங்கிக் கடனில் வாங்கி, மாதந்தோறும் தவணை கட்டி, கடைசியில் விற்கும் நாளில் கையில் மிஞ்சுவது எவ்வளவு என்பது அக்குடும்பத்துக்குச் சிறிய செய்தியன்று. ஆதலின் இதைப்பற்றிச் சற்று விரிவாகவே எழுத விழைகின்றோம்.

அன்றும் இன்றும்

நம் இளமைக் காலத்தில் இந்த வினாவுக்கே இடமில்லை. கல்கத்தாவை அடுத்த உத்தரபாராவிலிருந்து வந்த அம்பாசிடர், பம்பாயிலிருந்து வந்த பத்மினி, நம் சென்னையிலேயே உருவான ஸ்டாண்டர்டு ஆகிய சில வண்டிகளே சாலையில் ஓடின. அவற்றின் உறுப்புகள் கண்ணுக்குத் தெரிபவை, கைக்கு எட்டுபவை. கார்புரேட்டரைக் கழற்றித் துடைப்பதும், பாயிண்டைத் தேய்த்து இடைவெளியைச் சரி செய்வதும் டிரைவர் வேலையின் ஒரு பகுதியாகவே கருதப்பட்டன. புளியமரத்து நிழலில் ஒரு பெட்டி ஸ்பானரோடு அமர்ந்திருந்த மெக்கானிக்கே அவற்றுக்கு மருத்துவர்.

1983 டிசம்பரில் மாருதி 800 வந்தபின் நிலைமை மாறத் தொடங்கியது. கார் என்பது நடுத்தரக் குடும்பத்தின் பொருளாயிற்று. குறித்த தவணையில் கம்பெனி பணிமனையில் விட்டு எடுப்பதும் வழக்கமாயிற்று. நாளடைவில் கார்புரேட்டர் மறைந்தது. எரிபொருளை அளந்து செலுத்தும் வேலையைக் கணினி ஏற்றது. 2020 ஏப்ரல் முதல் தேதியில் பாரத் ஸ்டேஜ் 6 என்னும் புகைக் கட்டுப்பாட்டு விதி நாடெங்கும் நடைமுறைக்கு வந்தபின், புதிய வண்டிகளின் புகைபோக்கிக் குழாய்க்கும் காவலாக உணர்கருவிகள் அமர்ந்துவிட்டன.

ஆனால், கணினி புகுந்துவிட்டதனால் கார் முழுவதும் நம் கைக்கு அப்பாற்பட்டதாகிவிட்டது என்று எண்ணுதல் தவறு. சக்கரம் இன்றும் சக்கரமே. எண்ணெய் இன்றும் எண்ணெயே. கணினியைத் தொடாமல் செய்யக்கூடிய வேலைகள் பல உள்ளன.

எதை நாமே செய்யலாம்?

டயரின் காற்றழுத்தத்தை மாதம் ஒருமுறையேனும், வண்டி ஓடிச் சூடேறுமுன் பார்க்க வேண்டும். எவ்வளவு இருக்க வேண்டும் என்பது பெரும்பாலும் ஓட்டுநர் பக்கத்துக் கதவுத் தூணில் ஒட்டியிருக்கும். டயரின் பள்ளங்களுக்கிடையே சிறு மேடுகள் உண்டு. தேய்மானம் அம்மேட்டைத் தொட்டால், பள்ளத்தின் ஆழம் 1.6 மில்லிமீட்டராகக் குறைந்துவிட்டது, டயரை மாற்றும் காலம் வந்துவிட்டது என்று பொருள். ஏர் பில்டரைத் திறந்து பார்ப்பதற்குப் பல வண்டிகளில் நான்கு கொக்கிகளை நீக்கினால் போதும். வைப்பர் ரப்பர், விளக்கு, பாட்டரி முனையில் பூக்கும் வெண்பொடி இவற்றுக்கெல்லாம் பணிமனைக்கு ஓட வேண்டியதில்லை.

சற்றுப் பழகிய கை, என்ஜின் ஆயிலையும் மாற்றலாம். ஆயில் உராய்வைத் தணிப்பதோடு நிற்பதில்லை. வெப்பத்தைச் சுமந்து செல்கிறது. கரியையும் உலோகத் துகளையும் ஏந்திக்கொண்டு போய் வடிகட்டியில் சேர்க்கிறது. நாளாக ஆக அந்த ஆற்றல் குன்றும். அதனால்தான் 10,000 கிலோமீட்டர் அல்லது ஓராண்டு, இவற்றுள் எது முந்தியதோ அப்போது மாற்றுக எனப் பல நிறுவனங்கள் விதிக்கின்றன. சிறிய கார்களுக்குப் பெரும்பாலும் 3 முதல் 4 லிட்டர் தேவைப்படும். எந்தத் தரத்து ஆயில் என்பதைக் கடைக்காரரிடம் கேளாமல், வண்டியோடு வந்த கையேட்டில் பார்த்து வாங்குக.

இங்கே எச்சரிக்கை சில கூறாமல் விடுவதற்கில்லை. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் புகுவது உயிரோடு விளையாடுவதாகும். தாங்கு கால்களை நிறுத்திய பின்னரே குனிய வேண்டும். சூடாக இருக்கும் ரேடியேட்டரின் மூடியைத் திறத்தல் ஆகாது. கொதிநீர் முகத்தில் பீறிட்டடிக்கும். காற்றுப்பை இருக்கும் இடங்களிலும், மின்சாரக் கார்களிலும் ஹைபிரிட் கார்களிலும் ஓடும் ஆரஞ்சு நிறக் கம்பிகளிலும் கை வைக்கவே வேண்டா. பிரேக்கு, ஸ்டியரிங், கிளட்ச் ஆகியவற்றின் வேலையைத் தேர்ந்த மெக்கானிக்கிடமே ஒப்படைக்க வேண்டும். இறக்கிய பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டுவது நம் கிணற்றில் நாமே நஞ்சு கலப்பதற்கு ஒப்பாகும். அதைத் தீங்கு தரும் கழிவு என்றே சட்டம் வகைப்படுத்தியிருக்கிறது. டப்பாவில் அடைத்து, கழிவு ஆயிலை முறையாகச் சேகரிக்கும் பணிமனையில் சேர்ப்பதே முறை.

உத்தரவாதமும் உரிமையும்

"வெளியே கை வைத்தால் உத்தரவாதம் போய்விடும்" என்ற அச்சம் மக்களிடையே வேரூன்றியிருக்கிறது. இதன் மெய்ப்பொருளை அறிதல் நன்று. உதிரிப் பாகங்களையும் பழுதறியும் கருவிகளையும் வெளிப் பணிமனைகளுக்கு எட்டாமல் தடுத்து வைத்தமைக்காக, 14 கார் நிறுவனங்களுக்கு இந்தியப் போட்டி ஆணையம் 2014 ஆகஸ்டில் ஏறத்தாழ 2,545 கோடி ரூபாய் அபராதம் விதித்தது. வெளி மெக்கானிக்கிடம் வேலை செய்தார் என்ற ஒரே காரணத்துக்காக உத்தரவாதத்தை அடியோடு நீக்குவதும் கூடாது. வெளி வேலையின் குறையால் விளைந்த சேதத்துக்கு மட்டுமே அதை மறுக்கலாம் என்பதும் அவ்வாணையின் கருத்து. நிறுவனங்கள் மேல்முறையீட்டுக்குச் சென்றன, வழக்கு நீண்டது. பின்னர் 2022 டிசம்பரில், பழுது நீக்கும் உரிமைக்கெனவே ஓர் இணையத்தளத்தை மத்திய அரசு திறந்தது. அதில் இடம் பெற்ற துறைகளுள் மோட்டார் வண்டியும் ஒன்று.

ஆயினும் உரிமை உண்டு என்பது ஒன்று. அதை நிலைநாட்ட அலைவது மற்றொன்று. உத்தரவாதக் காலத்தில் பெரும் பழுது ஏதேனும் நேர்ந்து, "நீர் குறித்த காலத்தில் ஆயில் மாற்றினீரா?" என்று கம்பெனி கேட்குமாயின், விடை சொல்லச் சான்று வேண்டும். ஆகவே உத்தரவாதம் முடியும் வரை கம்பெனி பணிமனையையே நாடுவதுதான் விவேகம் என்பது நம் கருத்து. அங்கும் நாம் கேட்ட வேலை எது, அவர்களாகச் சேர்த்த வேலை எது என்பதை வண்டியை விடும்போதே எழுத்தில் பிரித்து வாங்கிக்கொண்டால், அன்பர் திகைத்ததைப்போல் திகைக்க நேராது.

விலை ஏன் குறைகிறது?

காரின் விலை இறங்குவது பெரும்பாலும் வயதினால். காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிட நெடுநாளாகப் பின்பற்றி வரும் அட்டவணையைப் பாருங்கள். 6 மாதத்துக்குள் 5 விழுக்காடு, ஓராண்டுக்குள் 15, இரண்டாண்டுக்குள் 20, மூன்றாண்டுக்குள் 30, நான்காண்டுக்குள் 40, ஐந்தாண்டுக்குள் 50 எனத் தேய்மானம் கழிக்கப்படுகிறது. எவ்வளவு பேணினும் இதை முற்றிலும் தடுக்க இயலாது. சந்தை விலை இந்த அட்டவணையை அப்படியே பின்பற்றுவதில்லை. ஒரே வயதுடைய இரு வண்டிகளுக்கிடையே விலை வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டில்தான் பராமரிப்பின் பங்கு இருக்கிறது.

வாங்க வருபவருக்கு வண்டியின் வெளித்தோற்றம் தெரியும். உள்ளே நடந்தது தெரியாது. ஆயிலை ஆண்டுதோறும் மாற்றினீர்களா, பத்தாண்டுக்கு ஒருமுறை மாற்றினீர்களா என்பது பெயிண்டைப் பார்த்தால் புலப்படாது. சில என்ஜின்களில் டைமிங் பெல்ட் என்னும் வார்ப்பட்டை உண்டு. கையேடு குறித்த கிலோமீட்டரில் அதை மாற்றவேண்டும். அறுந்தால் என்ஜினே பாழாகக் கூடும். மாற்றியதற்குச் சான்று இல்லையேல், வாங்குபவர் அது மாற்றப்படவில்லை என்றே கொள்வார். அந்தச் செலவை விலையில் கழித்துத்தான் கேட்பார். அவர்மீது பிழையில்லை. அறியாமைக்கு அவர் விலை வைக்கிறார், அவ்வளவே.

கம்பெனி முத்திரையின் மதிப்பு இங்கேதான் விளங்குகிறது. அது வேலையின் உயர்வுக்குச் சான்று என்பதைவிட, வேலை நடந்தது என்பதற்குச் சான்று. மேலும், ஒவ்வொரு வருகையின்போதும் வண்டி ஓடிய கிலோமீட்டர் அவர்களுடைய கணினியில் பதிவாகிறது. மீட்டரைப் பின்னுக்குத் திருப்பியவர் அங்கே அகப்பட்டுக்கொள்வார்.

நாம் பட்டறிந்தது

இனி நம் கதைக்கு வருவோம். சில ஆண்டுகளுக்கு முன் நம்மிடம் இருந்த காரை விற்க நேர்ந்தது. முதல் மூன்றாண்டு கம்பெனி சர்வீஸ். அதன்பின் ஏழாண்டு நாமும் நம்மோடிருந்த இளைஞர் ஒருவருமாகவே ஆயில் மாற்றினோம், வடிகட்டி மாற்றினோம், சக்கரங்களை இடம் மாற்றிப் பூட்டினோம். ஒருமுறைகூடத் தவணை தவறியதில்லை என்ற பெருமிதம் நமக்கு. பார்க்க வந்த தரகர் என்ஜின் ஒலியைக் கேட்டுத் தலையசைத்தார். பின்பு சர்வீஸ் புத்தகத்தைப் புரட்டினார். மூன்றாம் ஆண்டோடு எழுத்து நின்றுவிட்டிருந்தது.

"மற்றதெல்லாம் நாமே செய்தோம்" என்றோம்.

"சாமி, உங்கள் வார்த்தையை நான் நம்புகிறேன். ஆனால் என்னிடம் வாங்கப் போகிறவருக்கு உங்களைத் தெரியாதே" என்றார் அவர்.

அந்த ஒரு சொல்லுக்கு நம்மிடம் மறுமொழி இல்லை. நம் சொல் செல்லுபடியாவது நம்மை அறிந்தவர் நடுவே மட்டும். வண்டியோ நம்மை அறியாதவரிடம் செல்கிறது.

அதோடு முடியவில்லை. "பிரேக் ஆயில் எப்போது மாற்றினீர்கள்?" என்று அவர் வினவினார். நாமும் அந்த இளைஞரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். எண்ணிப் பார்த்தால், நாம் அதை மாற்றவே இல்லை! பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. ஈரம் ஏற ஏற அது கொதிக்கும் வெப்பநிலை இறங்கும். மலைச் சரிவில் தொடர்ந்து பிரேக்கை மிதிக்கும்போது அது கொதித்து ஆவிக் குமிழியாகுமானால், மிதி தரையோடு அமுங்கும், வண்டி நிற்காது. அதனால்தான் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாற்றுமாறு பல கையேடுகள் கூறுகின்றன. அதே காரில் இளைஞர் குழுவினரை ஏற்றிக்கொண்டு, 70 கொண்டை ஊசி வளைவுகளுடைய கொல்லிமலைப் பாதையில் ஏறி இறங்கியிருக்கிறோம். அன்றிரவு நமக்கு உறக்கம் வரவில்லை.

விலையில் இழந்த தொகையைவிட, இந்த உண்மையே நம்மைச் சுட்டது. ஓசை எழுப்பும் குறையை நாம் உடனே கவனித்தோம். ஓசையின்றி வளரும் குறையை மறந்தோம். கம்பெனி பணிமனையில் ஒருவர் கையில் அச்சிட்ட பட்டியல் இருக்கும். அவர் மறந்தாலும் அது நினைவூட்டும். நம்மிடம் பெருமிதம் மட்டுமே இருந்தது. எழுதியிருந்தால், செய்தது மட்டுமன்று, செய்யாததும் நம் கண்ணில் பட்டிருக்கும். எழுதாக் கணக்கு அழுதாலும் தீராது என்று பெரியோர் சொன்னது கடனுக்கு மட்டும் அன்று போலும்.

குறிப்பேட்டின் இலக்கணம்

அன்று முதல் நாம் கைக்கொண்ட வழக்கம் இது. நாற்பது பக்க நோட்டு ஒன்று. அதில் ஒவ்வொரு வேலைக்கும் ஒரு வரி. தேதி, மீட்டர் காட்டும் கிலோமீட்டர், செய்த வேலை, ஆயிலாயின் அதன் தரமும் அளவும், பாகமாயின் அதன் எண், செய்தவர் யார், அடுத்த தவணை எப்போது. கடையில் பில் வாங்கும்போது வண்டியின் பதிவு எண்ணையும் அதில் எழுதித் தரக் கேட்க வேண்டும். இல்லையேல் அது எந்த வண்டிக்கு வாங்கியது என்று யார் அறிவார்? அந்தப் பில்லை எதிர்ப்பக்கத்தில் ஒட்டுக. சில பில்களின் எழுத்து ஓராண்டிலேயே மங்கிவிடும். ஒரு நகல் எடுத்து ஒட்டினால் நிலைக்கும். வேலை முடிந்ததும் மீட்டரைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்தால் இன்னும் உறுதி. நோட்டின் முதல் பக்கத்தில், கையேட்டிலுள்ள தவணைப் பட்டியலை அப்படியே பெயர்த்து எழுதுக. பிரேக் ஆயில், கூலண்ட், பெல்ட் என மறக்கப்படுவன எல்லாம் அங்கே கண்ணெதிரே நிற்கும்.

கணக்காகப் பார்த்தாலும் இது இலாபமே. எடுத்துக்காட்டாக, சொந்தக் கையால் ஒருவர் ஆண்டுக்கு 4,000 ரூபாய் மிச்சப்படுத்துகிறார் என்று கொள்வோம்; ஆறாண்டில் 24,000. சான்று இல்லாமையால் விற்கும் நாளில் 30,000 குறைத்துக் கேட்கப்பட்டால், உழைத்ததும் வீண், 6,000 நட்டமும் மிச்சம். நாற்பது ரூபாய் நோட்டு ஒன்று அந்த 24,000 ரூபாயைக் காக்கக்கூடும். கம்பெனி முத்திரைக்கு நிகரான விலையையே அது பெற்றுத் தரும் என்று உறுதி கூற மாட்டோம். வயது குறைந்த வண்டிக்கு அந்த முத்திரையின் மதிப்பு கூடுதலே. ஆனால் பத்தாண்டு கடந்த வண்டிக்குப் பெருந்தொகை கொடுத்து முத்திரை வாங்கினாலும், அத்தொகை விலையில் திரும்பி வருவது அரிது. அங்கே நல்ல மெக்கானிக்கும் நல்ல குறிப்பேடுமே போதுமானவை.

குறையையும் எழுதுக

இன்னும் ஒன்று உண்டு, அதுவே தலையாயது. நம் கார் விற்பனைக்கு வந்த நாளில் வேறொருவர் நம் காதருகே வந்து, "மீட்டரில் ஒரு முப்பதாயிரம் குறைத்துவிட்டால் விலை ஏறும். எல்லாரும் செய்வதுதானே" என்றார். அந்த வண்டி ஒருமுறை முன்பக்கம் மோதிச் சீர் செய்யப்பட்டது. அதையும் சொல்ல வேண்டா என்றார். நாம் இரண்டையும் மறுத்தோம். மோதியதையும், பிரேக் ஆயில் மாற்றாததையும் தரகரிடம் சொன்னோம். விலை இன்னும் சற்று இறங்கியது. இறங்கட்டும். கிலோமீட்டரைக் குறைத்துக் காட்டுவது ஓர் எண்ணை மாற்றுவதன்று. அந்த எண்ணை நம்பி ஒருவர் பெல்ட்டை மாற்றாமல் விடுவார், டயரை மாற்றாமல் விடுவார். பின்னிருக்கையில் தம் பிள்ளைகளை அமர்த்திக்கொண்டு நெடுஞ்சாலையில் செல்வார். நாம் மறைத்த குறை எந்த வளைவில் வெளிப்படும் என்று யார் சொல்ல முடியும்?

ஆகவே குறிப்பேட்டில் நிறைவை மட்டுமன்று, குறையையும் எழுதுக. எங்கே இடித்தது, எதைத் தவணை கடந்து மாற்றினீர்கள், எது இன்னும் மாற்றப்படவில்லை என்பனவும் அதில் இருக்கட்டும். வியப்பு யாதெனில், குறையை ஒளிக்காத ஏட்டைத்தான் வாங்குபவர் நிறைவுக்கும் சாட்சியாக ஏற்கிறார். எல்லாம் நலமே என்று மட்டும் சொல்லும் ஏட்டை எவரும் நம்புவதில்லை.

இவையனைத்தையும் கேட்ட பின், அன்பர் மைத்துனரைப் பார்த்தார். மைத்துனர் அன்பரைப் பார்த்தார். "அப்படியானால் வேலை என்னுடையது, எழுதுவது இவனுடையது" என்று அன்பர் நகைத்தார். பிரேக்கு வேலைக்கு மட்டும் ஊரிலுள்ள நல்ல மெக்கானிக்கிடம் போவதென்றும் முடிவாயிற்று. மறு ஞாயிறு மைத்துனர் ஒரு புதிய நோட்டைக் கொண்டுவந்து நம்மிடம் காட்டினார். முதல் வரி எழுதப்பட்டிருந்தது: தேதி, கிலோமீட்டர், அதன்கீழ், "பிரேக் ஆயில் இதுவரை மாற்றவில்லை. இந்த வாரம் மாற்ற வேண்டும்."

அன்பு வாசகர்களே, உங்கள் வண்டியின் பிரேக் ஆயில் எப்போது மாற்றப்பட்டது என்று உங்களால் இப்போதே சொல்ல முடியுமா? முடியாதெனில், உங்கள் நோட்டின் முதல் வரியும் அதுவாகவே இருக்கட்டும்.